கால்பந்து ஆடப் போகும் மகனுக்காக: தூத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு

அன்புள்ள அக்காவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை மார்த்தாண்டத்தில் என் ஆலோசனை அறைக்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து மகனின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தீர்கள். மொத்தம் 11. எல்லாமே லேமினேட் செய்தவை. கடைசியில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "இவன் பந்து விளையாடிப் பிழைச்சுக்குவானா சார்?" அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன். தம்பியையும் படிக்கச் சொல்லுங்கள். அவன் அப்பா பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் முடிந்து கரைக்கு வந்ததும் அவரிடமும் காட்டுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர்க் கோவில் மைதானத்துக்கு நானே வந்து அவன் ஆடுவதைப் பார்த்தேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு தடவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்த பிறகுதான் பந்தைத் தொடுகிறான். மிட்ஃபீல்டில் ஆடுகிறவனுக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்ததால் தொடையும் கெண்டைக்காலும் உரமாக இருக்கின்றன. குறையும் இருக்கிறது. மணலில் பந்து நின்று வரும், நல்ல புல்தரையில் சறுக்கிக்கொண்டு வரும். முதல் தொடுதலிலேயே பந்து அவனைவிட்டு ஒரு கெஜம் தள்ளிப் போய்விடுகிறது. ஆறு மாதம் நல்ல தரையில் பயிற்சி எடுத்தால் இது சரியாகும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய், அவனுக்கு என்ன பயிற்சி கிடைக்கும் என்று விசாரியுங்கள். ஆக, பையனுக்குத் திறமை இருக்கிறதா என்ற கவலை வேண்டாம். இருக்கிறது. நாம் பேச வேண்டியது வேறு.

இந்தத் தொழிலின் படிகள் இப்படி: மேலே ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக், அதற்குக் கீழே ஐ-லீக் என்று நாம் பழகிய லீக், அப்புறம் அதன் இரண்டாம், மூன்றாம் நிலைகள், அதற்கும் கீழே சென்னை சீனியர் டிவிஷன் மாதிரியான மாநில, நகர லீக்குகள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது மேல்படியை மட்டும். கால்பந்தை நம்பிச் சாப்பிடுகிற பெரும்பாலான வீரர்கள் கீழ்ப்படிகளில்தான் இருக்கிறார்கள். உங்கள் மகனுக்குச் சென்னைக் கிளப் ஒன்றின் டிரயல், அதாவது தேர்வு ஆட்டம், வந்திருப்பதும் அங்கேதான். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பக்கத்து ஊரான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்கு ஐ-லீக் ஆடித்தான் ஐஎஸ்எல்லில் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். பிறகு கொல்கத்தாவின் ஏடிகே அணியோடு 2019-20 ஐஎஸ்எல் கோப்பையையும் வென்றார். அந்தப் பெயரைத் தம்பி என்னிடம் மூன்று தடவை சொன்னான். அந்தக் கதையின் அடுத்த பக்கத்தையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிப் பேசுவோம். கீழ் லீக் கிளப் ஒன்று "மாசம் 30,000" என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் உடனே 12-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அப்படிப் பெருக்கக் கூடாது. சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். 7 மாதம் என்றால் 2,10,000. அதை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 17,500. மீதி 5 மாதம் சொந்தச் செலவில் சாப்பிட்டு, சொந்தச் செலவில் உடம்பைப் பேண வேண்டும். பூட்ஸ் அவன் காசு. பல கிளப்புகள் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்துக்கொண்டுதான் தரும். அவனிடம் பான் கார்டு இருந்து, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்தால், இந்த அளவு வருமானத்துக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் கிளப் தருமா என்பதைச் சம்பளத்துக்கு முன்பே கேளுங்கள். சென்னையில் அது தனியாக ஒரு சம்பளத்தையே தின்றுவிடும்.

கிளப்பே நிலையாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2018-19-இல் சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது. கோவையில் நடந்த கடைசி ஆட்டத்தில் பட்டத்தை உறுதி செய்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் வெடி போட்டார்கள்! சில வருடங்களிலேயே அந்த அணி லீக்கில் இல்லாமல் போய்விட்டது. 2025-இல் ஐஎஸ்எல்லே வழக்கமான மாதத்தில் தொடங்கவில்லை. சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. மேல்படியே இப்படி ஆடும்போது கீழ்ப்படியில் நிற்பவன் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

முதல் பிடிமானம் எழுத்தில் ஒப்பந்தம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன், இவனைப் போலவே மிட்ஃபீல்டர், வடக்கே ஒரு கிளப்புக்குப் போனான். நன்றாக ஆடினான். கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. ஒப்பந்தம் எங்கே என்று கேட்டபோது வாட்ஸ்அப்பில் ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினான். அதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னும் எனக்கு அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் புறப்படும்போது "நல்லா ஆடு மக்ளே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன், காகிதத்தைக் கேட்கவில்லை. அதனால் உங்களிடம் விரிவாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாதச் சம்பளம், எந்தத் தேதிக்குள் தருவார்கள், அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, படுத்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, இடையில் வேறு கிளப் கூப்பிட்டால் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்றை எப்படித் தருவார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். தொழில்முறை ஒப்பந்தம் இருந்தால், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்த வீரன் எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, அப்படியும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. காகிதம் இல்லாதவனுக்கு அந்த விதி உதவாது. தம்பிக்கு இன்னும் 18 ஆகவில்லை, ஆகவே நீங்களோ அவன் அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். 18 நிறையாத வீரனை 3 வருடத்துக்கு மேல் கட்டிப்போட ஃபிஃபா விதியில் இடமில்லை. நான் ஒரு வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பேன்.

இன்னொன்று. "டிரயலுக்கு 25,000 கட்டுங்க, ஐஎஸ்எல் அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்று ஆட்கள் வருவார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். வேலைக்கு எடுக்கிற கிளப்தான் பணம் தரும், வாங்காது. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, தம்பியே தேடிப் பார்த்துவிடலாம்.

இனி அடிபடுவதைப் பற்றி. சூசைராஜ் கதையின் அடுத்த பக்கம் என்றேனே, அது இதுதான். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. பெரிய கிளப், நல்ல டாக்டர்கள், மீண்டு வந்தார். கீழ் லீக்கில் ஆடும் பையனுக்கு முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு மைதானம் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அதற்குள் ஒப்பந்தம் முடிந்திருக்கும். விளையாட்டில் படும் அடியையும் ஏற்றுக்கொள்ளும் காப்பீடாகப் பார்த்து, ஒப்பந்தத்தோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேரளாவில் மலப்புறம் பக்கம் ராத்திரி ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் காசு தருவார்கள், பையன்களுக்கு ஆசை வருவது நியாயம்தான். ஆனால் கிளப் ஒப்பந்தத்தில் இருக்கும்போது அங்கே போய் அடிபட்டால் கிளப்பும் பார்க்காது, செவன்ஸ் நடத்தியவரும் பார்க்க மாட்டார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தம்பி "பிளஸ் டூவோடு போதும், முழு நேரமும் ஆடப் போறேன்" என்கிறான். இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் படிப்பின் மேல் எனக்குள்ள பிரியம் அல்ல, கால்பந்து வழியாகக் கிடைக்கும் வேலைகளின் விதி அப்படி.

தெற்கு ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், வருமான வரித்துறை, அரசுக் கணக்குகளைப் பார்க்கும் ஏஜி அலுவலகம், இந்தியன் வங்கி என்று சென்னை லீக்கில் ஆடும் அணிகளில் பல, நிறுவனங்களின் அணிகள். அங்கே வேலை கிடைத்த வீரனுக்கு முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் போகாது. நம் கரையிலிருந்து போகும் ஒரு மிட்ஃபீல்டருக்கு உண்மையான இலக்கு இதுதான் என்பது என் அபிப்பிராயம். இந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும்? மத்திய அரசு விதியில் நாட்டுக்காக ஆடியது, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியது, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியது என்று வகை பிரித்திருக்கிறார்கள். கிளப்புக்காக லீக் ஆடியது அந்த வரிசையில் தனியாக வருவதில்லை. நீங்கள் கொண்டுவந்த 11-இல் 9 கோவில் திருவிழாப் போட்டிகள். அவை வீட்டுச் சுவருக்கு அழகு, வேலைக்கு உதவாது. மீதி இரண்டில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடியது ஒன்றுதான் செல்லும். (லேமினேட் செய்ததைப் பிரிக்க முயலாதீர்கள். கொடுத்த அலுவலகத்திலேயே நகல் கேட்போம். இனிமேல் எதையும் லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியாமல் போகிறது.)

ஆகவே அவன் ரெகுலர் கல்லூரியில் சேர வேண்டும். தபால் வழியில் படித்தால் பல்கலைக்கழக அணிக்கு ஆட முடியாது, முழுநேர மாணவர்களுக்குத்தான் அந்த அனுமதி. தூத்தூர் புனித யூதா கல்லூரி வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம். சென்னைக் கிளப்பில் இடம் உறுதியானால், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கும் சென்னைக் கல்லூரி ஒன்றில் போடலாம். காலையில் பயிற்சி, பகலில் வகுப்பு, சாயங்காலம் ஆட்டம் என்று சமாளிக்கிற பையன்கள் ஏராளம். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரைதான், தளர்வு கிடையாது. பிளஸ் டூ முடித்தவனுக்கு ஒரு நிலை, பட்டம் பெற்றவனுக்கு அதற்கு மேல் நிலை. எந்தப் போட்டியில் அணி எத்தனையாவது இடம் வந்தது என்பதையும் பார்க்கிறார்கள், அதுவும் சமீப ஆண்டுகளின் சாதனையைத்தான். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, அதற்குப் பதக்கம் வேண்டும். அவனுடைய நல்ல ஆட்ட வருடங்களும் இந்த வயது வரம்பும் ஒரே நேரத்தில்தான் ஓடுகின்றன. 26 வயதில் "இனி வேலை தேடுவோம்" என்று திரும்பி வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

ஆட்டம் முடிந்த பிறகு பயிற்சியாளர் ஆகலாம், நடுவர் ஆகலாம். டி லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ என்று படிகள் உண்டு. அதை ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

அக்கா, எழும்பும்போது தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னீர்கள்: "கடலுக்குப் போகாம இருந்தாப் போதும் சார்." 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது உங்கள் தெருவில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பயத்தால்தான் நம் கரைப் பிள்ளைகளின் வீட்டார் எந்தக் கிளப் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம். டிரயலுக்குப் போகட்டும். குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏற்றிவிடுங்கள். தேர்வானால் சந்தோஷம். ஆனால் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதுவதற்கு விடுப்பு தருவோம் என்று கிளப் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அந்தக் கிளப்பை விட்டுவிடலாம், 17 வயதுப் பையனுக்கு அடுத்த வருடமும் டிரயல் வரும்.

அடுத்த சனிக்கிழமை காலை 10 மணிக்கு வாருங்கள். பிறப்புச் சான்றிதழின் அசலைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். வயது சந்தேகம் வந்தால் எலும்புப் பரிசோதனை வரைக்கும் போகும், அதனால் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவோம். கிளப் ஏதாவது காகிதம் அனுப்பியிருந்தால் கையெழுத்துப் போடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். தம்பி கட்டாயம் வர வேண்டும். வலது கால் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருப்பதை ஞாயிறன்று பார்த்தேன், பூட்ஸ் ஒரு அளவு சின்னது. அதை முதலில் மாற்றிக் கொடுங்கள்.