2.7 ஜிபிஏவும் மருத்துவக் கல்லூரியும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

நான் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். 2023-ல் உயிரியலில் பட்டம் வாங்கினேன். மொத்தம் 120 கிரெடிட் (பாடங்களின் அளவு), ஜிபிஏ, அதாவது 4.0-க்கான மதிப்பெண் சராசரி, 2.7. அறிவியல், கணிதப் பாடங்கள் 60 கிரெடிட். அதில் மட்டும் 2.5. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு டி கிரேடு இருக்கிறது. படிக்கிற காலம் முழுக்க வாரத்துக்கு 30 மணி நேரம் கடை வேலை, வீட்டிலும் அப்போது சிரமம். இரண்டு ஆண்டாக மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்க்ரைபாக, அதாவது மருத்துவருக்காகக் குறிப்பு எழுதுபவளாக, இருக்கிறேன். மருத்துவம்தான் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. கரீபியனில் ஒரு கல்லூரி இடம் தருகிறது, ஜனவரியில் சேர்ந்துவிடு என்கிறார் அப்பா. ஒரு வருட மாஸ்டர்ஸ் முடித்தால் பழைய மார்க் மறைந்துவிடும் என்கிறார் ஓர் ஆலோசகர். டி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் அது அழிந்துவிடுமா? எங்கிருந்து தொடங்குவது?

எம்.

அன்புள்ள எம்.,

டி அழியாது. எம்.டி. (அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், ஒரு பாடத்தை எத்தனை முறை எடுத்தாலும் அத்தனையையும் சராசரியில் சேர்க்கும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான ஆக்கோமாஸ் ஒரு காலத்தில் கடைசி மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. 2017-ல் அந்தச் சலுகையும் போய்விட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் பதிவில் பழைய மதிப்பெண்ணை நீக்கியிருந்தாலும் ஆம்காஸ் அதைத் திரும்பக் கொண்டுவரும். அதனால் அந்த 2.7 உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கா, நீங்களே எல்லாப் பாடங்களையும் வைத்துப் போட்ட கணக்கா என்று முதலில் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடம்கூடக் கணக்கில் வரும். இதைப் பார்க்காமல் விண்ணப்பித்து, சரிபார்ப்பு முடிந்த பிறகு தன் சராசரியைக் கண்டு அதிர்ந்துபோகிறவர்கள் உண்டு. ஆனாலும் அந்த டியைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். அடிப்படைப் பாடத்தில் சி-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்பதில்லை.

இப்போது கணக்கு. 120 கிரெடிட்டில் 2.7 என்றால் உங்கள் கையில் 324 புள்ளிகள். இனி எடுப்பதெல்லாம் 4.0 என்றே வைத்துக்கொள்வோம். 3.0-ஐத் தொட 36 கிரெடிட் வேண்டும். அதே 36 கிரெடிட்டும் ஏ மைனஸ் என்றால் 2.93-தான். 3.5-க்கு 192 கிரெடிட் வேண்டும்; இன்னொரு பட்டத்துக்கும் மேலே. எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 3.7-க்கு மேல். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள், வாழ்நாளில் கிட்டாது. 3.0 மட்டும் முக்கியம். பல கல்லூரிகள் அதற்குக் கீழே உள்ள விண்ணப்பங்களை ஆள் பார்க்கும் முன்பே கழித்துவிடுகின்றன. அதைத் தாண்டிவிட்டால் படிக்கிறவர் கண் வேறிடத்துக்குப் போகும். ஆம்காஸ் மதிப்பெண்களை ஆண்டுவாரியாகக் காட்டுகிறது; பட்டத்துக்குப் பிந்தைய பாடங்களுக்குத் தனி வரி. மேலே நாலு வரியும் 2.7-ஐச் சுற்றி, அதன் கீழே 36 கிரெடிட்டுக்கு 4.0. நீங்கள் உருவாக்க வேண்டியது அந்த ஒரு வரியை. அந்த 36-ம் அறிவியல் பாடங்களாக இருந்தால் அறிவியல் சராசரியும் 2.5-லிருந்து 3.06 ஆகும்.

அந்த வரியில் ஒரு சி விழுந்தாலும் காரியம் கெடும். அதனால்தான் பாடத்துக்கு முன்னால் காரணத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வீட்டுச் சிரமம் தீர்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தீரவில்லை என்றால், வாரம் 30 மணி நேர வேலையும் தொடரும் என்றால், இந்த செமஸ்டர் பதிவு செய்யாதீர்கள். ஆறு மாதம் காத்திருப்பதால் எந்தக் கல்லூரியும் உங்களைக் குறைத்து மதிப்பிடாது. அவசரப்பட்டுச் சேர்ந்து பி மைனஸ் எடுத்தால் மாற்றம் வரவில்லை என்றுதான் அர்த்தமாகும். இந்தப் பாதையில் நான் பார்க்கிற தோல்விகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு செமஸ்டர் முன்கூட்டியே தொடங்கியதால் வந்தவை.

தொடங்கும்போது நாலாண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்குங்கள். பட்டத்துக்குப் பிறகு இப்படிப் பாடம் எடுப்பதற்குப் பெயர் போஸ்ட்-பேக். விளம்பரப்படுத்தப்படும் திட்டங்களில்தான் சேர வேண்டும் என்பதில்லை, நீங்களே பாடங்களைத் தேர்ந்து அமைத்துக்கொள்ளலாம். முதல் செமஸ்டரில் இரண்டே பாடம்: டி வாங்கிய ஆர்கானிக், கூட ஒரு மேல்நிலை உயிரியல். இரண்டிலும் ஏ வந்த பிறகு 12 கிரெடிட்டுக்கு ஏறுங்கள். பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, செல் பயாலஜி, ஜெனடிக்ஸ், இம்யூனாலஜி என்று போகட்டும். கடைசி இரண்டு செமஸ்டராவது முழுச் சுமையாக இருப்பது நல்லது, மருத்துவக் கல்லூரியின் வேகம் அதைவிட அதிகம். பேராசிரியரின் அலுவலக நேரத்துக்கு முதல் வாரத்திலிருந்தே போங்கள். அறிவியல் ஆசிரியர்கள் இருவரின் பரிந்துரைக் கடிதம் பல கல்லூரிகளில் கட்டாயம். பழைய மதிப்பெண் தந்தவர்களிடம் அதைக் கேட்க முடியாது.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டைப் பயோகெமிஸ்ட்ரி முடித்த பிறகு எழுதுங்கள். 472 முதல் 528 வரை மதிப்பெண், எம்.டி.யில் சேர்கிறவர்களின் சராசரி 511, 512 பக்கம். உங்களுக்கு அதற்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. தேர்வை நடத்தும் அமைப்பின் முழுநீள மாதிரித் தேர்வுகளில் கடைசி மூன்றிலும் அந்த எண் வந்தால் மட்டும் போய் உட்காருங்கள். ஓராண்டில் 3, அடுத்தடுத்த இரண்டாண்டுகளில் 4, வாழ்நாளில் 7 என்பது வரம்பு. பணம் கட்டிப் போகாமல் விட்டாலும் ஒரு முறையாகவே கணக்கு. மதிப்பெண்ணைப் பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான் ஏற்கும், அதனால் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளும் யோசனை வேண்டாம்.

ஆலோசகர் சொன்னது பாதி தவறு. மாஸ்டர்ஸ் மதிப்பெண் ஆம்காஸில் தனி வரியாக வரும், பட்டப்படிப்புச் சராசரியை இம்மியும் நகர்த்தாது. இதற்கென்றே உள்ள ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் படிப்புகள் சிலவற்றில் மருத்துவ மாணவர்களின் பாடத்தையே படித்து அவர்களோடு ஒப்பிடப்படுவீர்கள். நன்றாகச் செய்தால் அந்தக் கல்லூரியே நேர்காணலுக்கு அழைப்பதும் உண்டு. சறுக்கினால் பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சாது. அதைக் கடைசிச் சீட்டாக வையுங்கள். முதலில் போஸ்ட்-பேக், அப்புறம் எம்கேட், அதன் பிறகும் 3.0 எட்டவில்லை என்றால் மாஸ்டர்ஸ். பணத்தையும் பார்க்க வேண்டும்: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற மத்திய அரசின் மேற்படிப்புக் கடன் இல்லை. மாஸ்டர்ஸுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மருத்துவப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000 என்று உச்சவரம்பு.

டி.ஓ. பற்றி நீங்கள் எழுதவே இல்லை. நம் வீடுகளில் அது இரண்டாந்தரம் என்ற எண்ணம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். டி.ஓ. முழு மருத்துவர். 2020-லிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) அங்கீகார முறை ஒன்றே. அங்கே சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏ, எம்கேட் இரண்டும் எம்.டி.யைவிடக் குறைவு. உங்கள் மாநிலத்திலேயே ஸ்ட்ராட்ஃபோர்டில் ரோவன்-வர்ச்சுவா இருக்கிறது. எம்.டி.யில் கேம்டனின் கூப்பர், ரட்கர்ஸ் கல்லூரிகள். சொந்த மாநிலக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும், டி.ஓ.வில் பரவலாகவும் போடுங்கள். ஒரு டி.ஓ. மருத்துவரிடம் சில நாள் உடனிருந்து கடிதம் வாங்குங்கள். சில கல்லூரிகள் அதைக் கேட்கும். விண்ணப்பம் மே தொடக்கத்தில் திறக்கும். திறந்த சில வாரங்களிலேயே அனுப்புங்கள். விண்ணப்பங்கள் வரவர இடங்கள் நிரம்பும் முறை என்பதால் செப்டம்பரில் போகும் 3.0 விண்ணப்பத்தைப் பெரும்பாலும் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். 5,300 எழுத்துக் கட்டுரையை மதிப்பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்கச் செலவிடாதீர்கள். என்ன நடந்தது, எது மாறியது, அதற்கு எந்தப் பாடங்கள் சாட்சி என்று மூன்று வாக்கியம் போதும். மீதி இடம் அவசரப் பிரிவில் நீங்கள் கண்டவற்றுக்கு.

எல்லாம் கூட்டினால் கல்லூரியில் கால்வைக்க மூன்றாண்டு ஆகும். அப்பாவுக்கு அது நீளமாகத் தெரியும், ஜனவரி பக்கத்தில் இருக்கிறது. அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். 2024-ல் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் ஏறத்தாழ 93 சதவீதம், டி.ஓ.வில் 92 சதவீதம் பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு 67. அந்த 67-லும் நடுவில் நின்றுபோனவர்கள் சேர்த்தி இல்லை. ஒரு முறை எந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாலும் அதைப் பிறகு ஆம்காஸில் தெரிவித்தாக வேண்டும், பாதியில் விட்டு வந்தவரை இங்கே எடுக்கத் தயங்குவார்கள். அந்தக் கல்லூரிக்கு அவரே ஒரு மின்னஞ்சல் போடட்டும்: ஐந்தாண்டுக்கு முன் முதல் செமஸ்டரில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், ரெசிடென்சியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். சதவீதமாக வேண்டாம், தலைக்கணக்காகக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.