ஆலைக் குளத்து நாற்றமும் மூவாயிரம் வெள்ளி ஃபில்டரும்

*ஐயா, சாயங்காலமானால் செம்பனை ஆலைக் குளத்து நாற்றம் எங்கள் தாமான் வரை வருகிறது. பயோகேஸ் போட்டால் நின்றுவிடுமாமே? (பத்தாங் பெர்ஜுந்தை வாசகர்)*

நன்றாகவே குறையும். ஆலையில் அரைக்கும் ஒரு டன் செம்பனைக் குலைக்கு அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வருகிறது. ஆலையை விட்டு வரும்போது 80, 90 டிகிரி சூடு, கடுங்காப்பி நிறம், மேலே எண்ணெய்ப் படலம். விஷம் கிடையாது. ஆனால் அப்படியே ஆற்றில் விட்டால், அதைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துவிடும். மீன் செத்து மிதக்கும். இந்த இழுப்புக்குத்தான் பிஓடி என்று பெயர். சுத்திகரிக்காத கழிவில் அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விட 1977 விதிகளின் கீழ் உள்ள வரம்பு 100. சில ஆலைகளுக்கு 20.

திறந்த குளத்தில் கிருமிகள் மீத்தேனை விடுகின்றன. கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் உங்கள் வீட்டுக்கு வரும் அழுகின முட்டை வாடை. குளத்தைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி இந்த வாயுவைப் பிடிப்பதுதான் பயோகேஸ். அதிலிருந்து மின்சாரமும் எடுக்கலாம். ஆனால் மூடி போட்டதால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது, அடுத்தடுத்த குளங்களும் ஒழுங்காக ஓட வேண்டும். அடியில் சேறு ஏறினால் குளம் ஆழமிழக்கும், கழிவு தங்க நேரமிருக்காது. பயோகேஸ் எப்போது வரும் என்பதைவிட, கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள் என்று ஆலையைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுவார்கள்.

*வீட்டு வாசலில் குழாயில் மாட்டும் தண்ணீர் ஃபில்டர் மூவாயிரம் வெள்ளி என்கிறார்கள். ஆற்றில் மாசு கலந்து தண்ணீரை நிறுத்தும்போது உதவுமா?*

நிறுத்தினால் குழாயில் தண்ணீரே வராது, ஃபில்டர் எதை வடிக்கும்? இந்த மெம்பிரேன் (நுண்துளைச் சவ்வு) ஃபில்டர்கள் சேறு, துரு, கிருமிகளைப் பிடிக்கும். கரைந்திருக்கும் அமோனியாவை விட்டுவிடும். அமோனியா குளோரினைத் தின்றுவிடுவதால்தான் சுத்திகரிப்பு நிலையங்களையே சில சமயம் மூடுகிறார்கள். பழைய குழாய்த் துரு தொல்லை என்றால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசில் நல்ல தண்ணீர்த் தொட்டி வாங்குங்கள்.

*மகன் எஸ்பிஎம் முடித்துவிட்டான். இந்தக் கழிவுநீர்த் துறைக்கு எங்கே படிப்பது?*

முதலில் வேதியியலோ சுற்றுச்சூழலோ டிப்ளோமா முடிக்கட்டும். அப்புறம் ஆலை வேலையில் சேர்ந்ததும், கழிவுநீர்க் குளங்களை நடத்துவதற்கென்றே பாங்கி ஊரில் உள்ள சுற்றுச்சூழல் துறையின் பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் பயிற்சி உண்டு. ஆலைகளுக்கு அப்படிச் சான்று பெற்ற ஆள் கட்டாயம் தேவை.

*கூரை மழைநீரைப் பிடிப்பது லாபமா?*

சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர். முதல் மழையை லோங்காங்கில் விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடியுங்கள். செடிக்கும் கார் கழுவவும் போதும், குடிக்க வேண்டாம். தொட்டி வாயில் வலை கட்டாவிட்டால் ஏடிஸ் கொசு வளர்த்த கணக்காகிவிடும்.