நடுநிலை அரங்க ஆட்டங்களில் கணிப்பு ஏன் பிசகுகிறது?

நண்பரே, அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்துக்கான உங்கள் எக்செல் கணிப்பு நவம்பர் ஆட்டங்களில் மட்டும் பிசகுவதாகச் சொன்னீர்கள். நவம்பரில் போட்டி நடக்கும் ஹவாய்த் தீவான மவுயி போன்ற, இரு அணிக்கும் சொந்தமில்லாத நடுநிலை அரங்கங்களிலும் ஓர் அணிக்குச் சொந்த அரங்கச் சாதகத்தைக் கூட்டுகிறீர்கள், கோளாறு அதுதான். தனி நெடுவரிசை போடுங்கள்: சொந்த அரங்கம் 1, நடுநிலை 0, வெளியூர் -1. அதைச் சுமார் 3 புள்ளிகளால் பெருக்குங்கள். கான்சஸ் அணி பக்கத்திலிருக்கும் கான்சஸ் சிட்டியில் ஆடினால் 0.5 போடலாம்; கூட்டம் பெரும்பாலும் அவர்களுடையதுதான்.

குவாட் 1 வெற்றிகளை, அதாவது மிகக் கடினமான வகை ஆட்டங்களில் பெற்ற வெற்றிகளை, எண்ணும்போது இந்த அரைக்கணக்கு வேண்டாம். அங்கே கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. வெளியிடும் நெட் (NET) பட்டியலில் எதிரணியின் தரவரிசைதான் அளவு: சொந்த அரங்கில் 1-30, நடுநிலையில் 1-50, வெளியூரில் 1-75. ஆடிய நாளின் தரவரிசையை உறையவிடாதீர்கள். அது தினமும் மாறும், மார்ச்சில் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பார்ப்பது அப்போதைய இடத்தையே. டிசம்பரில் 45-வது இடத்திலிருந்த அணி 60-க்குச் சரிந்தால், அதற்கு எதிரான நடுநிலை வெற்றி அடுத்த வகையான குவாட் 2 ஆகிவிடும்.