கோழிக் காலுக்குக் கரையும் கம்பி தேடும் மட்டக்குளித் தங்கைக்கு

கேள்வி: வணக்கம் ஐயா. கொழும்பு மட்டக்குளியில் மொட்டை மாடியில் பதினாறு பழுப்பு முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன், முட்டையை அக்கம்பக்கத்தில் விற்கிறேன். மாடிக்கு மேலே வெளிச்சம் வருகிற பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறோம். முந்தாநாள் கூடு கழுவுவதற்காக மகன் ஒரு கோழியை ஒற்றைக் காலில் பிடித்துத் தூக்கினான், டக் என்று ஒரு சத்தம், முழங்காலுக்கு மேலே முறிந்து கால் தொங்குகிறது. தோல் கிழியவில்லை. போன மாதமும் இன்னொன்றுக்குச் செட்டை முறிந்து, அதை அறுத்துவிட்டோம். பறவை எலும்புக்குள் வைக்கிற, தானாகக் கரையும் பிளாஸ்டிக் கம்பி பற்றிக் கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு வீடியோ அனுப்பினார். தீன் கடைக்காரர் அதை எடுப்பித்துத் தரலாம், போடத் தெரிந்த ஆளும் இருக்கிறார் என்கிறார். இப்போதைக்கு வீட்டிலிருந்த வலி மாத்திரையில் பாதியைக் கரைத்துக் கொடுத்தேன். வளரும் கோழிக்கான வளர் தீன், சோறு, தவிடுதான் போடுகிறேன், முட்டையிடும் கோழிக்கான லேயர் தீன் கட்டுப்படியாகவில்லை. ஆனால் கல்சியம் டொனிக் ஒரு நாளும் தவறாது. முட்டை ஓடு மட்டும் கொஞ்சம் மெல்லிசு. கம்பி எங்கே வாங்கலாம்? மகள் அந்தக் கோழியை அறுக்க விடமாட்டாள்.

பதில்: தங்கச்சி, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. டைக்ளோபினாக் என்றால் இனி ஒரு துணுக்குக்கூட வேண்டாம். அது பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கிற மருந்து. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றிலும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம், அந்த மருந்து ஏற்றிய மாடுகளின் உடலைத் தின்றதுதான் என்று 2004இல் தெரியவந்தது, 2006இல் அந்த நாடுகள் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தன. கோழிச் சிறுநீரகத்துக்கும் அதே கதிதான். பறவைக்கு வலி குறைக்க மெலொக்சிகாம் இருக்கிறது, அளவை மிருக வைத்தியர் கோழியை நிறுத்துப் பார்த்துச் சொல்லட்டும். மருந்து போகிற நாட்களிலும், அதற்குப் பிறகு அவர் சொல்கிற காலம் வரைக்கும், அந்தக் கோழியின் முட்டையை விற்கவும் வேண்டாம், மகளுக்குப் பொரித்துக் கொடுக்கவும் வேண்டாம்.

இனிக் கம்பி. அண்ணா அனுப்பினது பொய் வீடியோ இல்லை. பறவை எலும்புச் சிகிச்சையில் வழக்கமாக வைப்பது உருக்குக் கம்பி. எலும்புக் குழலுக்குள் போகிற கம்பி எலும்பு வளையாமல் பிடிக்கும், ஆனால் முறிந்த இரண்டு துண்டும் சுழன்று திருகுவதை அது தடுக்காது. அதனால் தோலுக்கு வெளியே ஒரு சட்டம் மாட்டி, உள்ளே இருக்கிற கம்பியோடு சேர்த்து இறுக்குவார்கள். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வேட்டைப் பறவை நிலையத்தில் பருந்து, ஆந்தைகளுக்கு வளர்த்தெடுத்த முறை அது. இவற்றோடு செயற்கைப் பொருட்களும் உண்டு. பொலிப்புரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் தண்டை முறிவு வழியாகவே குழலுக்குள் தள்ளி விடலாம், பாரமில்லை, மூட்டைத் துளைக்கத் தேவையில்லை, ஆனால் உருக்கின் பலம் அதற்கு இல்லை, காலத்துக்கும் உள்ளேயேதான் கிடக்கும். கரைகிற வகை வேறு. அது போடுவதன் ஒரே இலாபம், கழற்றுவதற்கு இரண்டாவது தடவை மயக்க மருந்து வேண்டாம் என்பது. எலும்பு மூன்று நான்கு கிழமையில் பொருந்திவிடும், கம்பி கரைந்து முடிய மாதக்கணக்கு, சில வகைக்கு வருடக்கணக்கு. எலும்புச் சீமெந்து என்று ஒன்றும் இருக்கிறது, இறுகும்போது சூடேறும், முறிவு வாய்க்குள் போய்விட்டால் எலும்பு பொருந்தவே விடாது.

இதெல்லாம் யாருக்கு என்று பாருங்கள். திரும்பவும் பறந்து இரை பிடிக்க வேண்டிய பருந்துக்கு. செட்டை ஒரு சின்னக் கோணம் பிசகினாலும் அதற்குப் பிழைப்புப் போச்சு. உங்கள் கோழி மாடியில் நடந்து வந்து தீன் தின்றால் போதும், கால் கொஞ்சம் கோணலாகப் பொருந்தினாலும் அது முட்டையிடும். அதோடு இது தோல் கிழியாத முறிவு. பறவை எலும்பு மிருக எலும்பை விட வேகமாகப் பொருந்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாகக் கட்டினால் மூன்று கிழமையளவில் கட்டை அவிழ்க்கலாம்.

கடைக்காரரின் ‘போடத் தெரிந்த ஆள்’ விஷயத்துக்கு வருகிறேன். தீன் விற்பவர் தீன் விற்கட்டும். கிருமி நீக்காத கம்பியை, அளவு பார்க்காமல், மயக்கம் கொடுக்காமல் எலும்புக்குள் குத்துவது வைத்தியம் இல்லை. அதிலும் செட்டையின் மேல் எலும்பு உள்ளே வெறும் குழல், காற்றுப் பையோடு தொடுத்தது, கோழி மூச்சு விடுகிற வழியில் அதுவும் ஒரு பகுதி. அதைத் திறந்து மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினால் தண்ணீர் மூச்சுக்குள் போய்க் கோழி மேசையிலேயே செத்துவிடும். இது தெரியாத ஆள் கம்பியைத் தொடவே கூடாது.

யாரிடம் போவது? கொழும்பில் தனியார் கிளினிக்குகள் அதிகமும் நாய் பூனைக்கானவை. போவதற்கு முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பறவை பார்ப்பீர்களா, ஐசோபுளூரேன் மயக்க வாயு இருக்கிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால் போங்கள். சத்திரசிகிச்சைதான் வேண்டும் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் முறிந்த காலோடு ஒரு கோழியைக் கண்டி வீதியில் அவ்வளவு மணித்தியாலம் பெட்டியில் குலுக்கிக்கொண்டு போவது நியாயமா என்று யோசியுங்கள். தொடை எலும்பு முறிந்திருந்தால், அல்லது எலும்பு வெளியே எட்டிப் பார்த்தால், கதை வேறு, அங்கே கட்டு நிற்காது.

அப்புறம், நீங்கள் முழங்கால் என்பது எது? செதில் தொடங்கும் இடத்தில் பின்னால் மடிகிறதே, அது கோழியின் கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் உடம்போடு ஒட்டி இருக்கிறது. நீங்கள் சொல்கிற மாதிரி மடிப்புக்கு மேலே என்றால் முறிந்தது நாம் கறியில் கடிக்கிற காலெலும்பு. கட்டு அதற்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முறிந்த இடத்தோடு முடிகிற கட்டு, கட்டே போடாததை விட மோசம், கட்டின் பாரமே காலை ஆட்டி முறிவைத் திறந்துவிடும். பஞ்சு, ஐஸ்கிறீம் குச்சி, ஒட்டுத் துணி, கோழி உட்காரும்போது கால் எப்படி மடிந்திருக்குமோ அந்த நிலை, அவ்வளவுதான். ஒரு தடவை டொக்டரைக் கொண்டு கட்டுவித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பைச் சுற்றி மட்டும் இறுக்க வேண்டாம், கோழி நெஞ்செலும்பை ஆட்டித்தான் மூச்சு விடுகிறது, இறுக்கினால் மூச்சு முட்டிப் போய்விடும். விரல் வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். உமி பரப்பிய சின்னப் பெட்டி, ஏறி உட்காரத் தடி வேண்டாம், தீனும் தண்ணீரும் கழுத்துக்கு எட்டின தூரத்தில்.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். கேட்காததற்கு வருகிறேன். பதினாறு கோழியில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறிவு, அதுவும் ஒரு பிள்ளை கையால் தூக்கினதற்கு. ஒற்றைக் காலில் தூக்குவது பிழைதான், நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்க வேண்டும், இரவில் இருட்டில் பிடித்தால் துடிக்காது. ஆனால் நல்ல எலும்பு அதற்கு முறியாது. மகனைத் திட்டாதீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, ஓடு மெல்லிசு என்று, அதுதான் முழுக் கடிதமும்.

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. உங்கள் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். வளர் தீனில் கல்சியம் 1 வீதம் அளவுதான், அப்படியென்றால் முழுக்க வளர் தீனே தின்றாலும் கிடைப்பது 1.1 கிராம், அதுவும் முழுக்க உடம்பில் சேராது. நீங்கள் சோற்றையும் தவிட்டையும் கலந்து அதையும் குறைக்கிறீர்கள், தவிட்டில் இருக்கிற பைட்டேட் என்கிற பொருள் வேறு கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சம் எங்கேயிருந்து வரும்? எலும்பிலிருந்துதான். முட்டைக் கோழியின் காலெலும்புக்குள் ஓட்டுக்கென்றே ஒரு இருப்பு உண்டு, அது தீர்ந்தால் எலும்புச் சுவரையே அரித்து ஓடு செய்யும். அப்படிப்பட்ட எலும்புக்குள் எந்த நாட்டுக் கம்பியை வைத்தாலும் உக்கிய பலகையில் ஆணி அடிக்கிற கதைதான், பிடிக்காது. லேயர் தீனில் 3.5 முதல் 4 வீதம் வரை கல்சியம் போடுவது கம்பனிக்காரனின் ஆசைக்கு இல்லை, இந்தக் கணக்குக்குத்தான்.

டொனிக் போத்தலை எடுத்து லேபிளை வாசியுங்கள். கல்சியம் எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். நீங்கள் தண்ணீரில் விடுகிற அளவைப் பதினாறு கோழிக்குப் பிரித்துப் பாருங்கள், பிறகு அதை ஒரு ஓட்டின் 2000 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வையுங்கள். டொனிக்குக்குக் கொடுத்த காசில் லேயர் தீனே வாங்கியிருக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். டொனிக் விற்கிற கடைக்காரருக்கும் அது தெரியும், தங்கச்சி. போத்தலில் இலாபம் அதிகம்.

வாங்க வேண்டியது சிப்பி. மாவாக இல்லை, நொறுக்கின சிப்பி, 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையான துண்டு. ஓடு இரவில்தான் அதிகம் கட்டப்படுகிறது, கோழி தின்னாமல் தூங்குகிற நேரம். மாவு கொஞ்ச நேரத்தில் குடலோடு போய்விடும், பெரிய துண்டு இரைப்பைக்குள் கிடந்து விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு வையுங்கள், தீனோடு கலக்காமல், வேறு பாத்திரத்தில். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் ‘எல்லாம் ஒன்றுதானே, கலந்து போடுகிறோம்’ என்கிறார்கள். ஒன்று இல்லை. முட்டையிடுகிற கோழிக்குக் கல்சியப் பசி என்று ஒன்று தனியாக உண்டு, தேவைக்கு அதுவே வந்து கொத்தும், இடாதது தொடாது. கலந்து போட்டால் இடாத கோழியும் வளரும் குஞ்சும் வேண்டாததைத் தின்று சிறுநீரகம் பழுதாகும்.

சிப்பி வாங்கும்போது இன்னொரு ஏமாற்று. மலிவாக வெள்ளைக் கல் தூள் தருவார்கள், அது டொலமைட்டாக இருக்கலாம். தென்னைக்குப் போடுவதற்கு நம் நாட்டில் மூட்டை மூட்டையாக விற்பது, மக்னீசியத்துக்காக. தென்னைக்கு நல்லது, கோழிக்கு வயிறு இளகும், ஓடும் கெடும். ஒரு துண்டின் மேல் வினாகிரி விட்டுப் பாருங்கள், சிப்பியும் நல்ல சுண்ணாம்புக் கல்லும் சடசடவென்று நுரைக்கும், டொலமைட் துண்டு சும்மா இருக்கும். தூளாக இருந்தால் அதுவும் கொஞ்சம் நுரைக்கும், ஆகவே துண்டில்தான் பார்க்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு போடச் சொன்னால் கேட்காதீர்கள், வாய் வெந்துவிடும்.

அந்தப் பிளாஸ்டிக் தகடு. வெளிச்சம் வருகிறது, ஆனால் அந்தத் தகடுகளில் பல புற ஊதாக் கதிரை மறித்துவிடும், தோலில் விற்றமின் டி3 உண்டாக அந்தக் கதிர்தான் வேண்டும், டி3 இல்லாவிட்டால் தின்ற கல்சியமும் சேராது. நல்ல லேயர் தீனில் டி3 இருக்கும், உங்கள் சோறு தவிட்டில் இல்லை. ஒரு தகட்டைக் கழற்றி அந்த இடத்துக்குக் கம்பி வலை அடியுங்கள். காகம் வராது, வெயில் விழும்.

காசுக் கணக்குப் பார்த்தால் முறிந்த கோழியை அறுப்பதுதான் சரி என்று சொல்லியிருப்பேன், மருந்து கொடுத்துவிட்டதால் இப்போது கறிக்கும் அது ஆகாது. மகளுக்காக வைத்துப் பாருங்கள், மங்கலான இடத்தில் வையுங்கள், முட்டை நின்றால் கல்சியம் எலும்பிலேயே தங்கும். மற்றக் கோழிகளுக்கும் நாளை பின்னேரமே சிப்பி போகட்டும், தீனை இந்தக் கிழமையே லேயருக்கு மாற்றுங்கள், எலும்பு தேறும்வரை ஒன்றையும் பிடித்துத் தூக்க வேண்டாம், கூட்டை இப்போதைக்குக் கோழி நிற்கும்போதே கழுவுங்கள். மாத்திரையின் பெயரை எழுதி அனுப்புங்கள்.