பதினாறு ஆண்டு நீச்சலை விட்டுச் சுவர் ஏறுவதில் மகிழ்ச்சி: இது ஓடி ஒளிவதா?

கேள்வி: எனக்கு வயது 24. எட்டு வயதிலிருந்து போட்டிகளில் நீந்துகிறேன். 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக என் நேரம் குறையவே இல்லை. விடியற்காலையில் குளத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஐந்து மாதங்களுக்கு முன்பு தோழி ஒருத்தி செயற்கைச் சுவர் ஏறும் உள்ளரங்குக்கு அழைத்துப் போனாள். கயிறு இல்லாமல், கீழே மெத்தை விரித்து, தாழ்வான சுவரில் ஏறும் வகை. இப்போது வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் இருக்கிறேன். சிறுமியாகத் தண்ணீரில் குதித்தபோது இருந்த சந்தோஷம் திரும்ப வந்திருக்கிறது. அப்பாவோ, “பதினாறு வருட உழைப்பைப் பாழாக்குகிறாயே” என்கிறார். பயிற்சியாளரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. தோல்விக்குப் பயந்து ஓடுகிறேனா? இந்த மகிழ்ச்சி நிலைக்குமா? வலது மோதிர விரலில் லேசான வலி வேறு இருக்கிறது.

பதில்: போகிற போக்கில் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த விரல் வலியை முதலில் பார்த்துவிடுவோம். மற்றக் கேள்விகள் ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

விரல்களை மடக்கும் வலுவான தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் விரல் நுனி வரை ஓடுகின்றன. தூண்டில் கோலில் நூலைப் பிடித்து வைக்கும் வளையங்களைப் போல, இந்தத் தசைநாண்களை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் திசு வளையங்கள் ஒவ்வொரு விரலிலும் உண்டு. குறுகலான பிடியில் விரல் நுனிகளை மட்டும் வைத்து, நடு மூட்டைக் கூர்மையாக மடக்கித் தொங்கும்போது, விரலின் அடிக்கணுவில் உள்ள வளையத்தின் மீது பெரும் சுமை விழுகிறது. சுவர் ஏறுபவர்களுக்கு அதிகம் வரும் விரல் காயம் அந்த வளையத்தில்தான். பெரும்பாலும் மோதிர விரலில், அல்லது நடுவிரலில்.

உள்ளங்கைப் பக்கமாக, அந்த விரலின் அடிக்கணுவை மறு கையின் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால் இன்றே ஏறுவதை நிறுத்துங்கள். ஏறும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டிருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ, விரலை மடக்கும்போது தசைநாண் புடைத்துத் தெரிந்தாலோ, தாமதிக்காமல் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிந்துவிடும். லேசான பாதிப்பு சில வாரங்களில் ஆறும். முழுதாகக் கிழிந்துவிட்டால் மாதக்கணக்கு.

இதில் உங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று இருக்கிறது. எந்த விளையாட்டும் அறியாத ஒருவர் முதன்முதலாகச் சுவர் ஏறினால், விரல் ஆபத்துக்கு உள்ளாகும் முன்பே முதுகும் தோளும் ஓய்ந்துபோய்க் கீழே இறங்கிவிடுவார். அவருடைய பலவீனமே அவருக்குக் காவல். உங்களுக்கு அந்தக் காவல் கிடையாது. பட்டர்ஃபிளை வளர்த்த முதுகுத் தசைகள் உங்களை முதல் மாதத்திலேயே கடினமான பிடிகளுக்குத் தூக்கிச் சென்றிருக்கும். தசை சில வாரங்களில் புதிய சுமைக்குப் பழகும். தசைநாணும் வளையத் திசுவும் பழகப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுக்கு மேலும் ஆகும். முதுகு பதினாறு வருட அனுபவசாலி, விரலுக்கு வயது ஐந்து மாதம். வேறு விளையாட்டுக்கு மாறும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வடிவில் இதே கதைதான். சைக்கிள் வீரர் ஓட்டத்துக்கு வந்தால் இதயமும் நுரையீரலும் பத்துக் கிலோமீட்டர் தாங்கும், முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பு தாங்காது.

ஆகவே விரல் சரியான பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். இடையே 48 மணி நேர இடைவெளி. முடிந்தவரை நடு மூட்டைக் கூர்மையாக மடக்காமல், விரல்களை நீட்டிய பிடியிலேயே பழகுங்கள். விரல் வலுவுக்கென்று சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் தொங்கும் பயிற்சியை முதல் ஆண்டு முழுக்கத் தொடவே வேண்டாம். இதைவிட உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது இன்னொன்று: களைத்த பிறகு நிறுத்துவது. களைப்பு வந்த பின்னும் இன்னும் நாலு சுற்று நீந்துவதுதான் நல்ல பயிற்சி என்று குளம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கும். சுவரில் அது தலைகீழ். களைத்த கையால் ஏறினால் தப்பான அசைவு பழக்கமாகும், காயமும் வரும். கடினமான ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதலில் சோம்பேறித்தனமாகத் தோன்றும்.

தோள் பற்றியும் ஒரு வார்த்தை. நீச்சல்காரர்களின் தோள் மூட்டு பொதுவாக நெகிழ்வானது. கையை நீட்டித் தோளைத் தளரவிட்டுத் தொங்காதீர்கள். தோள்பட்டையைக் கீழே இழுத்துப் பிடித்துத் தொங்குங்கள். ரப்பர் பட்டையால் கையை வெளிப்புறம் சுழற்றும் பயிற்சியை வாரம் இருமுறை செய்யுங்கள். விழும்போது கையை ஊன்றாமல், இரண்டு பாதங்களும் ஒன்றாகப் பட, முழங்காலை மடக்கிப் பின்பக்கம் உருளப் பழகுங்கள். தண்ணீரில் வளர்ந்த கணுக்காலுக்குத் தரையில் மோதிப் பழக்கமில்லை.

இனி, ஓடுகிறீர்களா என்ற கேள்வி. மனத்தைக் குற்றம் சாட்டுவதற்கு முன் உடலைப் பரிசோதித்துவிடுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை. மாதவிடாய் தவறுகிறதா, பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடுகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இவற்றில் எது கெட்டாலும் நேரம் தேங்கும், மனமும் சோரும். ஆனால் உடல் முழுவதும் ஓய்ந்துபோயிருந்தால் சுவரும் உங்களுக்குப் பாரமாகத்தான் இருந்திருக்கும். அங்கே துள்ளுகிறீர்கள் என்பதால் குறை பெரும்பாலும் குளத்தோடு சம்பந்தப்பட்டது என்றே நினைக்கிறேன்.

விளையாட்டு வீரர்களின் மனச்சலிப்பை ஆராய்ந்தவர்கள் மூன்று அடையாளங்களைச் சொல்வார்கள். உடலும் மனமும் வற்றிப்போவது. எவ்வளவு செய்தாலும் சாதித்ததாகத் தோன்றாதது. ஒருகாலத்தில் உயிராக இருந்த விளையாட்டு ஒரு பொருட்டாகவே படாமல் போவது. முதல் இரண்டும் ஓய்வாலும் பயிற்சி மாற்றத்தாலும் சரியாகக் கூடியவை. மூன்றாவது வந்துவிட்டால் திரும்புவது கடினம். உங்கள் நிலை எது என்று அறிய உங்களையே இப்படிக் கேளுங்கள்: நாளைக்கே என் சிறந்த நேரத்தைவிட இரண்டு விநாடி குறைவாக நீந்திவிட்டால், மறுநாள் விடியற்காலையில் சந்தோஷமாகக் கிளம்புவேனா? ‘ஆம்’ என்றால் உங்களுக்கு வெறுத்தது நீச்சல் அல்ல, தேக்கம். அப்போது தூரத்தை மாற்றுவது, பயிற்சியாளரை மாற்றுவது, நீண்ட ஓய்வு எல்லாம் யோசிக்க வேண்டியவை. ‘அப்போதும் மாட்டேன்’ என்றால் விடை கிடைத்துவிட்டது. ஓடுவதாகவே இருக்கட்டும், தினமும் வயிற்றைப் பிசையும் இடத்தை விட்டு ஓடினால் அதில் என்ன தவறு என்றும் எனக்குப் புரியவில்லை.

மகிழ்ச்சி நிலைக்குமா? ஒரு பகுதி நிலைக்காது. இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு செயலில் மனம் தானாக ஈடுபட மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த கோட்பாடு: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, தேர்ச்சி கூடுகிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு பிணைப்பு. குளத்தில் தலையைக் கவிழ்த்துத் தரையின் கறுப்புக் கோட்டைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நீந்துகிறீர்கள். யாரோடும் பேச வழியில்லை. எட்டு வயதில் தேர்ந்தெடுத்தவர் நீங்களா, அப்பாவா என்பதும் தெரியவில்லை. பதினாறு ஆண்டுக்குப் பிறகு முன்னேற்றம் என்பது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. சுவரிலோ, போன வாரம் எட்டாத பிடி இந்த வாரம் கைக்குள் வருகிறது. கீழே மெத்தையில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கள், “இடது காலை இன்னும் உயர்த்தி வை” என்று கத்துகிறார்கள்.

இவற்றில் வாராவாரம் கூடும் தேர்ச்சி புதுமையின் கொடை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அது மெதுவாகும். எல்லா விளையாட்டிலும் அப்படித்தான். மற்ற இரண்டும் அந்த விளையாட்டுக்கே உரியவை, அவை இருக்கும். அதனால் உங்கள் முடிவைச் சோதிக்கும் நாள் முதல் தேக்கம் வரும் நாள்தான். மாலை முழுக்க ஒரே இடத்தில் விழுந்துவிட்டு வீடு திரும்பும்போது, ‘இடுப்பை இன்னும் சுவரோடு ஒட்டியிருந்தால்?’ என்று மனம் அதையே சுற்றிவந்தால் இது தொடரும். ‘நான் இதிலும் மட்டம்’ என்று தோன்றினால், குளத்தின் கணக்குப் புத்தகத்தை இங்கேயும் தூக்கி வந்துவிட்டீர்கள் என்று பொருள். நீச்சல்காரர்களுக்கு அந்த ஆசை இயல்பாகவே வரும். முதல் ஆண்டு போட்டிகளுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். எந்தத் தரத்துச் சுவர் ஏறினேன் என்று எழுதி வைக்கவும் வேண்டாம்.

அப்பாவுக்குச் சொல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ரெபெக்கா ரொமேரோ 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளி வென்றார். 2008 பெய்ஜிங்கில் சைக்கிள் போட்டியில் தங்கம். ஆனால் வென்றதால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது. எனக்குப் பிடித்தது ஆஷ்லி பார்ட்டியின் கதை. 2014இல், 18 வயதில், டென்னிஸை நிறுத்தினார். 2015-16 பருவத்தில் பிரிஸ்பேன் ஹீட் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். 2016இல் டென்னிஸுக்குத் திரும்பி, 2019இல் பிரெஞ்சு ஓப்பன், 2021இல் விம்பிள்டன், 2022இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றார். அதன்பின் உலகின் முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில் ஓய்வும் பெற்றார். போவது, வருவது, மறுபடி போவது எல்லாமே நடக்கக் கூடியவைதான். நீங்கள் திரும்பியே ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

நீச்சலை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கடும் பயிற்சியைச் சட்டென்று விட்டால் தூக்கமும் மனநிலையும் தடுமாறலாம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாங்குதிறன் இறங்கத் தொடங்கும். பசி மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். வாரம் இருமுறை, கடிகாரம் இல்லாமல், இரண்டு மூன்று மாதங்களுக்கு நீந்துங்கள். சுவர் ஏற எடை குறைவாக இருந்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால் விரல் ஆறாது, எலும்பும் நலியும்.

பயிற்சியாளரிடம் நேரில் சொல்லுங்கள். மோசமாக நீந்திய நாளாக இருக்க வேண்டாம். ‘விடுகிறேன்’ என்பதைவிட ‘ஆறு மாதம் போட்டி நீச்சலிலிருந்து விலகியிருக்கிறேன், அதன் பிறகு பேசுவோம்’ என்று கேட்பது உங்களுக்கும் அவருக்கும் நல்லது. ஏன் என்று கேட்பார். சுவரின் அருமையை விளக்க முயல வேண்டாம், அது அவருக்குப் புரியாது. இந்த இரண்டு ஆண்டுகளாகக் குளத்துக்கு எப்படி வந்துகொண்டிருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.