பள்ளிக்கூடமே போகாத தாய், தன் குழந்தையின் படிப்புக்கு உதவ முடியுமா?

உங்கள் அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை, கூலி வேலைக்குப் போகிறார், மகனுக்கு 3 வயது, மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாகப் படிப்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பான். அதற்கு உங்கள் அக்காவால் இப்போதே உதவவும் முடியும்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். "நானே கைநாட்டு, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு, கரீபியன் தீவு நாடான ஜமைக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். 1986, 1987 ஆண்டுகளில், தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர் சாலி கிராந்தம்-மெக்கிரகர் குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் 2 வயதுக்கு உட்பட்டவர்கள். சிலருக்கு வாராவாரம் பால்மாவு, சிலர் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போவார், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. போனவர் பாடம் நடத்தவில்லை. வீட்டுப் பொருட்களில் செய்த பொம்மையை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டே ஆண்டுகள்தான். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பணியாளர் போன வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் படித்து, 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. சத்துமாவு அவசியம்தான், அது மட்டும் போதாது என்கிறேன்.

எங்கள் மையத்துக்கு வரும் சிறுமி ஒருத்தியின் தாய் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை செய்கிறார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பெரிய கொட்டை எது? எனக்கு இரண்டு கொடு, உன்னிடம் மீதி எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தப்பாகச் சொன்னால் அதட்டமாட்டார், சேர்ந்து எண்ணுவார். ஒருநாள் படப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். படங்களைப் பார்த்துத் தானாகவே கதை கட்டிச் சொல்லியிருக்கிறார். படத்திலிருந்த ஆட்டுக்குத் தங்கள் வீட்டு ஆட்டின் பெயர். மறுநாள் அந்தச் சிறுமி புத்தகத்தை நேராகப் பிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, மற்றப் பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொன்னாள். ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் வாசிப்பு அங்கே தொடங்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா மகனுக்கு ஏதாவது வாங்கித் தருவதென்றால், பெரிய படங்கள் உள்ள புத்தகமாக வாங்குங்கள். எழுதிப் பழகும் நோட்டு இப்போது வேண்டாம். பக்கத்து அங்கன்வாடியில் சேர்த்துவிட்டு, அங்கே கற்ற பாட்டை மாலையில் மகனைப் பாடச் சொல்லிக் கேட்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள். சமைத்துக்கொண்டே கேட்டாலும் போதும்.