வேலூர் மண்டபமும் பிரைட்டன் மாளிகையும்

அன்புள்ள ஐயா,

என் மகன் இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் படிக்கிறான். அங்கிருக்கும் ராயல் பெவிலியன் மாளிகையின் படத்தை அனுப்பியிருந்தான். குவிமாடமும் மினாருமாக அப்படியே நம் நாட்டுக் கட்டடம். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை வெள்ளைக்காரர்கள் பெயர்த்து எடுத்துப்போகப் பார்த்தார்கள், ஏற்ற வந்த கப்பல் மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். இந்த மாளிகைக்காகத்தான் கேட்டிருப்பார்களோ?

ரா., காட்பாடி

அன்புள்ள ரா.,

கப்பல் கதை நிஜமோ இல்லையோ, பிரைட்டன் மாளிகையில் நம் மண்டபத்துக்கு வேலையே இருந்திருக்காது. ஏனென்றால் அது நம் கோயில்போல் முழுக்கக் கல்லால் எழும்பிய கட்டடம் இல்லை.

1787இல் இங்கிலாந்து இளவரசர் ஜார்ஜுக்காக ஹென்றி ஹாலண்ட் அங்கே கட்டியது சாதாரணக் கடற்கரை வீடு. 1815இல் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் வந்து, பழைய வீட்டை இடிக்காமல் அதன்மேல் வார்ப்பிரும்புச் சட்டம் நிறுத்தி, குவிமாடங்களை ஏற்றிச் சாந்து பூசினார். சினிமா செட் போட்ட மாதிரிதான். நாஷ் இந்தியாவுக்கு வந்தவரும் அல்ல. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் இந்தியாவைச் சுற்றி வரைந்த படத்தொகுதிதான் அவருக்கு வழிகாட்டி. அதில் மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும்கூட உண்டு. மனிதர் அந்தப் பக்கமே திரும்பவில்லை, முகலாயர் குவிமாடங்களோடு நின்றுவிட்டார். உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் சீனத்து டிராகன்கள்! ஒரே கல்லில் யாளியும் குதிரைவீரனும் செதுக்கிய நம் தூணை அங்கே எங்கே வைப்பது?

விக்டோரியா ராணிக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. 1850இல் பிரைட்டன் நகரமே 53,000 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது.

நம் நாட்டோடு அதற்கு நிஜமான உறவு வந்தது முதல் உலகப் போரில். பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை அது ஆஸ்பத்திரி. சாதிக்கும் மதத்துக்கும் தகுந்தபடி ஒன்பது சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள், உருது, இந்தி, குர்முகி (பஞ்சாபி) எழுத்தில் அறிவிப்புகள். இளவரசருக்கு விருந்து சமைத்த பெரிய அடுக்களையின் தூண்கள் இரும்பாலானவை, உச்சியில் பனையோலை விரிந்த மாதிரி செம்புத் தகடு. அந்த அடுக்களையை ஆபரேஷன் தியேட்டர் ஆக்கிவிட்டார்கள். இந்தக் கவனிப்பெல்லாம் வெறும் கருணை என்று நான் நினைக்கவில்லை. சிப்பாய் ஊருக்கு எழுதும் கடிதத்தைப் படித்து அடுத்தவன் பட்டாளத்தில் சேரவேண்டுமே. ஆஸ்பத்திரிப் படங்களை அச்சடித்துப் பரப்பியதும் அதற்குத்தான்.

பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் ஜில்லாக்காரர்கள் நாம். பிரைட்டன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களில் நம்மவர் உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள், கட்வாலிகள், கூர்க்காக்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையை மெசபடோமியா (இன்றைய இராக்) பக்கம் அனுப்பினார்கள். நம் ஆட்களைத் தேடவேண்டிய இடம் அதுதான், பிரைட்டன் அல்ல.

உங்கள் மகன் அந்த ஊரிலேயே இருப்பதால் ஒன்று சொல்லுங்கள். மாளிகையின் தெற்கு வாசல், காயம்பட்டவர்களைக் கவனித்ததற்கு நன்றியாக இந்தியா கொடுத்தது. 1921இல் பட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். அப்புறம், ஊருக்கு வெளியே பாட்சம் குன்றில் ‘சத்ரி’ என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரைத் தகனம் செய்த இடம். மண்டபம் வரை கார் போகாது, புல்வெளியில் நடக்கவேண்டும். மழைநாளில் செருப்போடு கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.